குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களோடு பணியாற்றப் போகும் மனநல மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்படிப்பை முடித்துவிட்டு இந்தப் பிரிவுக்கு வரும் இளம் மருத்துவர்கள், என் தலைமுறை செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். ரகசியம் காப்பது, பழி போடாமல் பேசுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

கணவரை வைத்துக்கொண்டு விசாரிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். நம் பயிற்சியே இதற்குக் காரணம். நோயாளி சொல்வது போதாது, கூட வந்தவரிடமும் கேள் என்று ஆரம்பத்திலிருந்தே பழக்குகிறார்கள். மனச்சிதைவு நோய்க்கு அது சரி. இங்கே கூட வந்தவரே அடிப்பவராக இருக்கலாம்.

தூக்கமில்லை என்று வந்த ஒரு பெண்ணிடம், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார் ஒரு பயிற்சி மருத்துவர். அந்தப் பெண் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றார். அப்புறம் கணவரே பேசினார். கத்துகிறாள், பொருளைத் தூக்கி எறிகிறாள், பிள்ளைகளைக் கவனிப்பதில்லை என்று நிதானமாக, மரியாதையாகச் சொன்னார். எல்லாம் கேஸ் ஷீட்டில் மருத்துவரே கண்டறிந்தது போல ஏறியது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு வந்தபோது அந்தக் குறிப்பின் நகல் நீதிமன்றம் போனது. தாய்க்கு மனநிலை சரியில்லை என்பதற்கு மருத்துவரின் கையெழுத்தே ஆதாரமாகிவிட்டது.

அடிபட்டவர் முன்பின் முரணாக, அழுதுகொண்டு பேசலாம். அடிப்பவர் கோர்வையாகப் பேசலாம். கோர்வையை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "யார் வந்தாலும் முதலில் தனியாகப் பார்ப்பது இங்கே வழக்கம்" என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது. உலக சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் தனிமை உறுதியானால்தான் வன்முறை பற்றிக் கேட்கச் சொல்கிறது. மாமியாரும், பேசத் தெரிந்த குழந்தையும் வெளியே இருக்கட்டும். மொழிபெயர்க்க உறவினர் வேண்டாம். குறிப்பில் "கணவர் கூறியது" என்று பிரித்து எழுதுங்கள். அந்தப் பெண் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

கழுத்தை நெரித்தாரா என்று கேட்காமல் விடுவது

வெளியே காயமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். நெரித்தவர் பின்னாளில் கொலை வரை போகும் அபாயம் மிக அதிகம். சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள்.

"ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?"

கேட்காதீர்கள். பிரியும் நேரம்தான் ஆபத்து கூடும் நேரம்.

தம்பதி ஆலோசனை

அடி தொடரும்வரை வேண்டாம்.

நினைவுகளைக் கிளற அவசரப்படுவது

2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பட்டியலில், சிக்கலான பிடிஎஸ்டி (நீண்ட நாள் கொடுமைக்குப் பின் வரக்கூடிய மன அதிர்ச்சி நோய்) தனி நோயாக இடம்பெற்றது. அதைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு பழைய நினைவுகளைப் பேசவைக்கும் சிகிச்சையை உடனே தொடங்கிவிட ஆசை. அடிபட்டவர் இன்றிரவும் அதே வீட்டுக்குத்தான் போகிறார் என்றால், முதலில் பாதுகாப்புத் திட்டம் போடுங்கள்: எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, ஆவணங்கள் எங்கே, யாருக்கு போன் செய்வது. மாத்திரைச் சீட்டு யார் கண்ணில் படும் என்பதையும் கேளுங்கள்.

தனியாகவே சுமப்பது

வழக்கறிஞர், சமூகப் பணியாளர், காப்பகம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. படிப்பு முடிந்ததும் தனி கிளினிக் போடாதீர்கள். சில காலம் ஒரு குழுவோடு இருங்கள். வேலைக்குச் சேரும் முன், "என் கேஸ்களை மூத்தவர் யாரிடம் பேசலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.