இங்கிலாந்தில் தபால் ஓட்டு: கவிழ்ப்பது கையெழுத்துதான்

ஊரில் ஓட்டு என்றால் பூத்துக்குப் போய், விரலில் மை வைத்துக்கொண்டு வருவது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைச் சேர்த்தாலும், பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறிப் போய்த்தான் போட வேண்டும். பதிலாள் வைத்துப் போடலாம் என்ற மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. அந்த ஏமாற்றத்தோடு இங்கிலாந்துக்கு வருகிறவர்களில் பலர், இங்கே தங்களுக்கு ஓட்டு இருப்பதையே கவனிப்பதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள், மாணவர்கள் உட்பட, கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம்.

பெயர் சேர்ப்பது அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. என்.ஐ. நம்பரை (நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு. தபால் ஓட்டுக்கான விண்ணப்பம் தனி. அதற்கு 11 வேலை நாள் முன்பு மாலை 5 மணி வரை. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறைகள் கணக்கில் வராது. மே மாதத் தேர்தல் என்றால் ஈஸ்டர் விடுமுறை நடுவில் வந்து, நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே கெடு முடிந்துவிடலாம்.

விண்ணப்பத்திலேயே கண்ணி ஒன்று இருக்கிறது. வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து ஏற்றச் சொல்வார்கள். கூடவே பிறந்த தேதி. ஊரில் பூத் ஏஜென்ட் முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வார். இங்கே தபால் ஓட்டுக்கு முகமே கிடையாது, இந்த இரண்டும்தான் நீங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு உறையிலும் இருப்பதை விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் ஓட்டு எண்ணிக்கைக்கே போகாது. ‘உங்கள் ஓட்டு நிராகரிக்கப்பட்டது’ என்ற கடிதம் தேர்தலெல்லாம் முடிந்த பிறகு வரும்.

இதில் வழுக்கி விழ நம்மவர்களுக்குக் காரணங்கள் அதிகம். வங்கியில் தமிழில் ஒரு கையெழுத்து, பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவர் பெயர். விண்ணப்பத்தில் நிதானமாக முழுப்பெயரையும் எழுதிவிட்டு, தபாலில் வரும் சின்னக் கட்டத்துக்குள் ஒரு கிறுக்கல். பிறந்த தேதியும் அப்படித்தான்: வீட்டில் கொண்டாடுவது ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது இன்னொன்று. எது சரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். விண்ணப்பத்தில் எது இருக்கிறதோ அதுதான். பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதுகிறவர்களும் உண்டு. விண்ணப்பத்துக்கு எடுத்த கையெழுத்துப் படத்தை போனில் அழிக்காமல் வைத்திருங்கள். உறை வந்ததும் அதைப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

உறைக்குள் வாக்குச்சீட்டு, உறுதிமொழித் தாள் (கையெழுத்தும் பிறந்த தேதியும் இதில்தான்), ஏ உறை, பி உறை என நான்கு இருக்கும். சீட்டில் பெருக்கல் குறி மட்டும். பெயரோ கையெழுத்தோ போட்டால் செல்லாத ஓட்டு. சீட்டை ஏ உறையில் போட்டு ஒட்டுங்கள். ஒட்டிய ஏ உறையும் உறுதிமொழித் தாளும் பி உறைக்குள். கணவன் மனைவி இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். தாள் மாறி, ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்திட்டால் இரண்டு ஓட்டும் போயிற்று.

தேர்தல் நாள் இரவு 10 மணிக்குள் உறை கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குத் தபால் பெட்டியில் போட்டுப் பயனில்லை. நேரமாகிவிட்டால் உங்கள் பகுதி வாக்குச்சாவடியில் கொடுக்கலாம், ஆனால் அங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் இல்லாமல் மேஜையில் வைத்துவிட்டு வந்தால் குப்பைதான். 2024 மே மாதத்திலிருந்து ஒருவர் தன்னுடையது போக ஐந்து பேர் உறையைத்தான் கொடுக்கலாம். ‘நாங்களே சேர்த்துவிடுகிறோம்’ என்று வாசலுக்கு வரும் கட்சிக்காரரிடம் கொடுக்கவே கூடாது. அவர் வாங்குவதே குற்றம். சீட்டு கெட்டுப்போனால் தேர்தல் நாள் மாலை 5 மணி வரை கவுன்சிலில் மாற்றுச்சீட்டு கேட்கலாம்.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் போகிறீர்களா? சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தபாலில் வரவழைத்துத் திருப்பி அனுப்ப நாள் போதாது. ப்ராக்ஸி, அதாவது பதிலாள்தான் வழி. 6 வேலை நாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்தால், நீங்கள் நம்பும் ஒருவர் உங்கள் வாக்குச்சாவடிக்குப் போய் உங்களுக்காகப் போடுவார். அவரும் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்; காட்ட வேண்டியது அவருடைய அடையாள அட்டை, உங்களுடையது அல்ல. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும். ஊர் டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. உள்நாட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு மேல் ஒருவர் ப்ராக்ஸியாக நிற்க முடியாது என்பதால், தெருவுக்கே ஒரு அண்ணனைப் பிடித்து வைப்பதெல்லாம் நடக்காது.

வீடு மாறினால் மீண்டும் பதிவு செய்து, தபால் ஓட்டுக்கும் புதிதாக விண்ணப்பியுங்கள். தபாலைத் திருப்பிவிடும் சேவையில் வாக்குச்சீட்டு பின்னால் வராது. மாறாமல் இருந்தாலும் தபால் ஓட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டுதான்.