ஜோடு குடும்பத்துக்கு ஒரு வரவு செலவு நோட்டு

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை ஆசையாக எடுத்து, நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். 1939-இல் வந்த தடித்த புத்தகம், பேச்செல்லாம் ஓக்லஹோமா குடியானவர்களின் கொச்சை. கொச்சைக்கு மருந்து எளிது: வாய்விட்டுப் படியுங்கள், காது பழகிவிடும். மற்றதற்கு, அரிசி மண்டியில் கணக்கெழுதும் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, நிலத்தை இழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் கதையின் ஜோடு குடும்பத்துக்கு வரவு செலவு எழுதிக்கொண்டே படிப்பது.

அத்தியாயம், வரவு, செலவு, ஆள் என்று நாலு பத்தி போதும். டாலரை இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது வெட்டி வேலை. குடிசையை இடிக்க வரும் டிராக்டர்க்காரனுக்கு நாள் கூலி 3 டாலர். அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய வரவு 10-ஆம் அத்தியாயத்தில். ஏர், குதிரை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் போட்டு 18 டாலர். பழைய ஹட்சன் வண்டியில் ஏறுவது, முன்னாள் போதகர் கேசியையும் சேர்த்து 13 பேர். ஆள் பத்தியை விடாமல் எழுதுங்கள். தாத்தா வழியிலேயே போய்விடுகிறார், பாட்டி பாலைவனத்தைத் தாண்டும் இரவில். மூத்த மகன் நோவா ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறான், மருமகன் கானி கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். சாப்பிடும் வாய் குறையும்போது சம்பாதிக்கும் கையும் குறைகிறது என்பது எழுதினால்தான் உறைக்கும்.

மொத்தம் 30 அத்தியாயம். அவற்றில் பதினாறு அத்தியாயங்களில் ஜோடு குடும்பமே வராது. பலர் அவற்றைத் தாண்டிவிடுவார்கள், தாண்டாதீர்கள். அதெல்லாம் மார்க்கெட் நிலவரம். பழைய கார் விற்பவன் பல்சக்கரச் சத்தத்தை அமுக்க மரத்தூள் போடுவது 7-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. குடும்பம் வரும் 16-ஆம் அத்தியாயத்தில், ஏற்கெனவே கலிபோர்னியா போய்ப் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் திரும்பும் ஒருவன் ஒரு கணக்குச் சொல்கிறான்: வேலைக்குத் தேவை 800 பேர், ஆள் கேட்டு அச்சடிப்பது 5000 நோட்டீஸ், பார்ப்பது 20,000 பேர். கூலி ஏன் இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் படித்ததில்லை.

26-ஆம் அத்தியாயத்தில் அவசரப்படாதீர்கள். பீச் பழம் பெட்டிக்கு 5 சென்ட். அடிபட்ட பழம் இருந்தால் பெட்டியே தள்ளுபடி. பொழுது சாய்வதற்குள் குடும்பமே சேர்ந்து 20 பெட்டி, அதாவது 1 டாலர். அதுவும் ரொக்கமில்லை, தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் சீட்டு. அம்மா போய் இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் வாங்குகிறாள். எல்லாம் டவுன் விலையைவிடக் கூடுதல். சீட்டு தீர்ந்துபோகிறது, சர்க்கரைக்கு வழியில்லை. கடைச் சிப்பந்தி தயங்கித் தயங்கி, கடைசியில் தன் பையிலிருந்து 10 சென்ட் எடுத்துக் கல்லாவில் போடுகிறான். இதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள். அடுத்த சீட்டு வந்ததும் சரிக்கட்டிக்கொள்வதாகத்தான் பேச்சு. கைமாற்று என்று எழுதுங்கள். அதே தோட்டத்தில் வேலைநிறுத்தம் ஓய்ந்ததும் பெட்டி விலை இரண்டரை சென்ட் ஆவதையும் கீழேயே குறித்துவிடுங்கள்.

பருத்திக்கு வந்தால் பறிக்கும் சாக்குக்கே 1 டாலர், கூலியில் பிடித்தம். வேலை தொடங்கும் முன்பே கடன்! எங்கள் பக்கத்து முன்பணக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஜான் ஃபோர்டின் 1940 படத்தைப் பிறகு பாருங்கள். நாவலில் குடும்பம் முதலில் அரசு முகாமில் இருக்கிறது. தண்ணீர், கழிப்பறை, மரியாதை எல்லாம் உண்டு, வேலைதான் இல்லை. மாவு தீரப்போகும் நிலையில் கிளம்பிய பிறகே பீச் தோட்டம். படத்தில் தோட்டம் முதலில், முகாம் பிறகு. நோட்டை எடுத்து அந்த இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிக் கூட்டிப் பாருங்கள், படம் ஏன் அவ்வளவு தெம்பாக முடிகிறது என்று தெரிந்துவிடும்.