தண்டலிலிருந்து வெளியே வருவது எப்படி: தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு

என் அம்மா மதுரை செல்லூர்ப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகத் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். விடிவதற்குள் மாட்டுத்தாவணியில் சரக்கு எடுக்கக் கைமுதல் வேண்டும். பல வருஷம் அது தண்டல் பணமாகவே, அதாவது வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு தினமும் வசூலிக்கும் கடனாகவே இருந்தது. அதிலிருந்து வெளியே வர நாங்கள் செய்ததை, இன்னும் உள்ளே இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்குப் போடுங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 9,000 வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “நூறு நாளைக்கு ஆயிரம்தானே” என்பார் அம்மா. ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம், சராசரியாகப் பாதித் தொகைதான் கையில் நிற்கிறது. ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 78 சதவீதம். கையில் 8,500 மட்டும் கொடுத்தால் 120ஐ எட்டிவிடும். அதே ஊரில் மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன் 8, 9 சதவீதத்துக்குக் கிடைக்கிறது. இத்தனை வருஷம் உழைத்தும் வண்டி ஏன் கடையாக மாறவில்லை என்று அம்மாவைக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

இதைவிட மோசமானது இடையில் புதுப்பிப்பது. எழுபதாம் நாள் தண்டல்காரர் வந்து, “பாக்கி 3,000ஐக் கழித்துக்கொண்டு புது அட்டை போடட்டுமா?” என்று கேட்பார். அட்டை என்பது தினமும் கட்டுவதைக் குறித்துவைக்கும் தண்டல் கணக்கு அட்டை. புது 10,000த்தில் அந்த 3,000மும் வட்டி 1,000மும் போய்க் கையில் 6,000 வரும். பழைய 3,000த்துக்கு ஏற்கெனவே வட்டி பிடித்தாயிற்று. அதற்கே இன்னொரு முறை கொடுக்கிறோம். எவ்வளவு நெருக்கடி என்றாலும் இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வங்கிக் கடன் வாங்கி ஓடுகிற தண்டலை அடைப்பதும் வேண்டாம். வட்டியை முன்னாலேயே எடுத்துவிட்டதால் சீக்கிரம் கட்டினாலும் பொதுவாக ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்கள். அட்டை தானாக முடியட்டும். வங்கிப் பணத்தைச் சரக்குக்கு மட்டும் வையுங்கள், அடுத்த தண்டல் தேவைப்படாது.

அந்தக் கடனுக்கு வழி, தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம். அடமானம் வேண்டாம். முதல் கடன் அப்போது 10,000, இப்போது 15,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரவு வைக்கப்படும். மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டையோ சான்றிதழோ இல்லையென்றால் அங்கேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அம்மாவுக்கு அந்தக் கடிதம்தான் கதவைத் திறந்தது. ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஓடிபி வராமல் எங்களுக்கு ஒரு வாரம் வீணானது. வங்கிக் கிளையில் இரண்டு தடவை “அப்புறம் வாங்க” என்றார்கள். மூன்றாம் தடவை விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன். தனியாகப் போகாதீர்கள், படித்த பிள்ளை ஒருவரை அழைத்துப் போங்கள்.

மாதத் தவணைதான் உண்மையான சோதனை. தண்டல்காரர் தினமும் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார், வங்கி வராது. 15,000 கடனை ஒரு வருஷத்தில் கட்ட மாதம் 1,300, 1,400 ரூபாய் போல ஆகும். அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் தினமும் 50 ரூபாய் போட்டுச் சனிக்கிழமைதோறும் கணக்கில் கட்டினார். மழையில் வண்டி நின்ற வாரங்களையும் அந்த டப்பாதான் தாங்கியது.

யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த நிலைக்குப் போகும் முன்பே காவல் நிலையத்திலோ ஆட்சியரிடமோ எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி அட்டை முடிகிற அன்றே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அம்மா கேட்க மறந்து, அதற்காக இரண்டு மாதம் அலைந்தார்.