கரக்கல்லா குளியல் வளாக இடிபாடுகளைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ரோம் நகரின் தென்பகுதியில் உள்ள கரக்கல்லா குளியல் வளாகம் கி.பி. 216இல் திறக்கப்பட்டு, 537இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் நகரை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களைத் துண்டிக்கும் வரை இயங்கியது. இன்று பெரும்பாலும் கூரையிழந்த செங்கல் சுவர்களே நிற்பதால், முதன்முறை செல்பவருக்கு எந்த அறை எதற்கென்று எளிதில் பிடிபடாது. அக்காலத்தில் குளிக்க வந்தவர் நடந்த வரிசையிலேயே நடந்து பார்ப்பதுதான் இதற்கு நல்ல வழி.

படி 1: மெட்ரோவின் பி தடத்தில் சிர்க்கோ மாசிமோ நிலையத்தில் இறங்கினால், வளாகம் நடந்து செல்லும் தூரத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மூடுவது வழக்கம். திறப்பு நேரமும் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

படி 2: உடை மாற்றும் அறையும், அதையடுத்த 'பாலெஸ்த்ரா' என்னும் உடற்பயிற்சி முற்றமும் கட்டடத்தின் இரு பக்கங்களிலும் ஒரே அமைப்பில் உள்ளன. ஆகவே ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்த்தாலே போதும். இங்குள்ள வண்ணக்கல் பதித்த தரைத் துண்டுகளைத் தவறவிடாதீர்கள். மல்லர்களின் உருவங்கள் கொண்ட புகழ்பெற்ற தரை வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

படி 3: அடுத்து, தென்மேற்கில் இருக்கும் 'கால்டாரியம்' என்ற வெந்நீர்க்கூடத்துக்கு வாருங்கள். ஏறக்குறைய 35 மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டக்கூடத்தில் இன்று சிதைந்த தூண்களைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை. ஆயினும் நான் மிக அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இந்த இடத்துக்குத்தான். ரோமானியர் பெரும்பாலும் பிற்பகலில் குளித்ததால், அந்நேர வெயில் பெரிய சாளரங்கள் வழியே உள்ளே விழுமாறு கூடத்தை முதன்மைக் கட்டடத்திலிருந்து வெளியே நீட்டிக் கட்டினார்கள். நிலத்தடியில் அடிமைகள் விறகிட்டு எரித்த உலைகளின் வெப்பக்காற்று, குட்டையான செங்கல் கால்கள் தாங்கிய தரையின் அடியில் பரவி, சுவருக்குள் பதித்த துளையுள்ள ஓடுகள் வழியே மேலேறியது. தரையும் சுவரும் ஒருசேரச் சூடேறியதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

படி 4: சிறிய இளஞ்சூட்டு அறையைக் கடந்தால், கட்டடத்தின் நடுவே 'ஃபிரிஜிடாரியம்' என்ற குளிர்நீர்க்கூடம் விரியும். அதற்கப்பால் இருப்பது கூரையே இல்லாமல் திறந்தவெளியாகக் கட்டப்பட்ட நீச்சல்குளம். அதன் கரையில் வைத்திருக்கும் பளிங்குப் பலகையில் வரிசையாகக் குழிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். குளிக்க வந்தவர்கள் காய் எறிந்து விளையாடிய பலகை அது. (எனக்குப் பெரிய சுவர்களைவிட இந்தக் குழிகளே அதிகம் பிடிக்கும்.)

படி 5: நிலத்தடிச் சுரங்க வழிகளும், ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற கடவுளின் கோயிலும் எப்போதும் திறந்திருப்பதில்லை, சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இங்கே 16ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த ஃபர்னேசே ஹெர்குலிஸ், ஃபர்னேசே காளை ஆகிய மாபெரும் சிலைகள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்நகருக்கும் செல்வதாக இருந்தால், வளாகத்தை முதலில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அச்சிலைகள் ஏன் அத்தனை பெரிதாகச் செதுக்கப்பட்டன என்பது இச்சுவர்களின் உயரத்தைப் பார்த்தவருக்கே புரியும்.