வாலிபரை மிஷன் பயணத்துக்கு அழைத்துப்போகும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சபை வாலிபரோடு வேறொரு ஊர்ச் சபைக்கு ஊழியம் செய்யப் போன ஒரு மிஷன் பயணம். மூன்றாம் நாள் மாலை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் சாட்சியை, அதாவது தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததை, சொல்லத் தொடங்கினான். இரண்டு வாக்கியம் வந்தது, அதோடு நின்றுவிட்டான். பத்து விநாடி போயிருக்கும். யாரோ இருமினார்கள். நான் எழுந்துபோய் அவன் தோளைத் தட்டி, மைக்கை வாங்கி, மீதியை நானே பேசி முடித்தேன். கூட்டம் நன்றாகவே நடந்தது. ஆனால் அந்தப் பயணம் முடியும்வரை அவன் வேறு எங்கேயும் வாய் திறக்கவில்லை. அவனைக் காப்பாற்றியதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் நிகழ்ச்சியைத்தான் காப்பாற்றினேன்.

மற்ற தவறுகளையெல்லாம் இதற்குப் பிறகுதான் வைப்பேன். நிகழ்ச்சி பிசகக்கூடாது என்ற பயத்தில் பெரியவர்கள் எல்லாவற்றிலும் கைவைத்துவிடுகிறோம். அன்று நான் செய்திருக்க வேண்டியது சின்ன விஷயம். முன்வரிசையில் உட்கார்ந்தபடியே, "அப்புறம் என்னாச்சு, தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேள்விக்குப் பதில் சொல்வது பேச்சைத் தொடர்வதைவிட எளிது. இல்லையென்றால் அவனோடு இன்னொருவனையும் மேடையில் நிறுத்தியிருக்கலாம். இயேசு தம் சீஷர் பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் (மாற்கு 6). எழுபது பேரை அனுப்பியபோதும் அப்படியே (லூக்கா 10). ஒருவன் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவன் தாங்குவான். போதகர் ஓடிவர வேண்டியதில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு சறுக்கல் நடக்கிறது. கிடார் வாசிப்பவன், கணீரென்று ஜெபிப்பவள், மேடைக்கூச்சம் இல்லாதவர்கள் என்று பட்டியல் தானாக எழுதிக்கொள்கிறது. திறமை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்போஸ்தலர் பவுல் தன் ஊழியப் பயணத்துக்கு இளைஞன் தீமோத்தேயுவைக் கூட்டிக்கொண்டு போனதற்கு முன்பு லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் அவனைப் பற்றி நல்ல சாட்சி சொல்லியிருந்தார்கள் (அப்போஸ்தலர் 16). அதாவது கூட இருந்து பார்த்தவர்களின் வார்த்தை. ஆராதனை முடிந்தபின் நாற்காலிகளை யார் அடுக்குகிறார்கள், புதிதாக வந்தவர் தனியாக நிற்கும்போது யார் போய்ப் பேசுகிறார்கள் என்று இரண்டு மாதம் கவனித்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் பாதிப் பெயர்கள் மாறிவிடும்.

அடுத்தது பயிற்சி. ஆறு வாரம் கூடிப் பாட்டும் நாடகமும் ஒத்திகை பார்த்துவிட்டு அதைத் தலைமைப் பயிற்சி என்கிறோம். அதனால் கலைநிகழ்ச்சிக்கு ஆள் கிடைப்பார்கள், அவ்வளவுதான். பொறுப்பு என்றால் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் யாருக்காவது உண்மையிலேயே இடைஞ்சல் வர வேண்டும். முதலுதவிப் பெட்டி, காலையில் எல்லாரையும் எழுப்பி வண்டியில் ஏற்றுவது, அழைத்த சபையோடு தொலைபேசியில் பேசுவது, பணம். ஒரு பயணத்தில் அதிகம் பேசாத பெண் ஒருத்தியிடம் கணக்கு நோட்டையும் பணப்பையையும் கொடுத்தேன். முதல் நாள் இரவு கணக்கு இடித்தது. கொஞ்சம் பணம் குறைந்தது. அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். நான் உள்ளே புகாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். மறுநாளிலிருந்து ரசீது இல்லாமல் யாருக்கும் காசு கிடையாது என்றாள். எனக்கும்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பை மட்டும் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரிடமும் விட்டுவிட முடியாது. 18 வயதுக்குட்பட்டவர்கள் வந்தால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், மருந்து, ஒவ்வாமை விவரம், அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக் கூடாது. இதில் போதகருக்கும் விலக்கு இல்லை.

பணித்தளத்தை நம் பிள்ளைகளின் பயிற்சிக்கூடமாக நினைப்பதும் பெரிய தவறு. அங்கே உள்ள சபை நாம் வருவதற்கு முன்பும் இருந்தது, நாம் போனபின்பும் இருக்கும். அவர்கள் கேட்காத சுவரை நாம் போய் வர்ணம் பூசுகிறோம். பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுக்கிறோம். "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் குழந்தை அதை நம்பும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. "இங்கே என்ன செய்யட்டும்?" என்று அந்த ஊர் ஊழியரிடம் கேட்டு, அவர் பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுகிற பழக்கம் வாலிபருக்கு வர வேண்டும். நாம் முதலில் கழுவினால் அவர்களும் வருவார்கள்.

இரவு எல்லாரும் களைத்துப்போய்ப் படுக்கையைத் தேடுகிற நேரத்தில் இருபது நிமிடம் பிடித்து வைப்பது கஷ்டம்தான். ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள். அனுப்பப்பட்ட சீஷர்கள் திரும்பி வந்து செய்ததையும் போதித்ததையும் எல்லாம் இயேசுவிடம் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு, தனியிடத்தில் போய்க் கொஞ்சம் இளைப்பாறச் சொன்னார். முதலில் கேட்பது, பிறகு ஓய்வு. நான் மூன்றே கேள்விதான் கேட்பேன்: இன்று உனக்கு எது கஷ்டமாக இருந்தது? யார் செய்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டாய்? நாளைக்கு எதை மாற்றிச் செய்வாய்? அந்த நேரத்தில் பிரசங்கம் செய்யாதீர்கள். நாம் வாயைத் திறந்தால் அவர்கள் மூடிக்கொள்வார்கள்.

தவறிப்போனவர்களை என்ன செய்வது? பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் பயணம் போன யோவான் என்னும் மாற்கு, பெர்கே ஊரில் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பினான். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல், பர்னபா விடவில்லை. சண்டை முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவோடு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பல வருஷம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிவா, ஊழியத்துக்குப் பயன்படுகிறவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஒவ்வொரு குழுவிலும் ஒரு மாற்கு இருப்பான். முதல் நாளே வீட்டுக்குப் போகிறேன் என்று அழுபவன், கோபத்தில் கத்தியவன், வேலையிலிருந்து நழுவியவன். அவன் பெயரை அடுத்த பட்டியலிலிருந்து அடிக்குமுன் அவனோடு ஒருமுறை நடந்துபோய்ப் பேசுங்கள். மைக்கோடு நின்றுபோன பையனோடு நான் அப்படிப் பேச ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். அவன் மறக்கவே இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தானாம்.

திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாட்சி, படக்காட்சி, கைதட்டல். அதோடு முடிந்துவிடுகிறது. பயணத்தில் பத்துப் பேருக்குச் சமையலை ஒழுங்கு செய்தவள் சபையில் மறுபடி கடைசி வரிசையில் உட்காருகிறாள், யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை கொடுங்கள்: ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு, நோயாளிகளைப் பார்க்கப் போவது, வாலிபர் கூட்டத்தின் கணக்கு. சூடு ஆறிவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை. அடுத்த பயணத்தைத் திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே அவர்களில் இரண்டு பேர் இருக்கட்டும். வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைக்கூட அவர்களே முடிவு செய்யட்டும். போன தடவை யாரால் தாமதமானது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.