மீக்கடத்தி மென்படலத்தில் சுழல் பிணைப்பும் ஆற்றல் இழப்பும்: மடிக்கணினியில் செய்து பார்க்கும் முறை

மீக்கடத்திக்கு மின்தடை இல்லை என்று படித்துவிட்டு, காந்தப்புலத்தில் வைத்த மென்படலம் ஏன் மின்னழுத்தம் காட்டுகிறது என்று திகைப்பவர்களுக்காக, குறிப்பாகப் புதுச்சேரிக் கல்லூரிகளில் முதுகலைத் திட்டப்பணிக்கு இத்தலைப்பை எடுக்கும் மாணவர்களுக்காக, இதை எழுதுகிறேன். திரவ ஹீலியம் வேண்டாம். ஒரு மடிக்கணினி போதும்.

இரண்டாம் வகை மீக்கடத்திக்குள், அதாவது காந்தப்புலத்தை ஓரளவு உள்ளே விட்டபடியே மீக்கடத்தும் பொருளுக்குள், புலம் தனித்தனிச் சுழல்களாக (மின்னோட்டம் சுற்றியோடும் மெல்லிய காந்த இழைகளாக) நுழைகிறது என்பதை இயற்பியலாளர் அப்ரிகோசோவ் 1957-இல் காட்டினார். ஒவ்வொரு சுழலும் 2.07 × 10⁻¹⁵ வெபர் காந்தப் பாயத்தைச் சுமக்கிறது. மின்னோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; அது நகர்ந்தால் மின்னோட்டத்தின் திசையிலேயே மின்புலம் பிறந்து, ஆற்றல் வெப்பமாகப் போகிறது. வில்லியனூர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் வேலையைத்தான் படலத்தில் உள்ள குறைபாடுகள் சுழலுக்குச் செய்கின்றன; இதுவே பிணைப்பு. அந்தக் கட்டை எவ்வளவு இழப்பைத் தடுக்கிறது என்பதைத்தான் கணக்கிடப் போகிறோம்.

படி 1: சமன்பாடு. படலம் மெல்லியதாக இருப்பதால் சுழல் நடுவில் வளைய வாய்ப்பில்லை. அதை ஒரு புள்ளியாகவே கருதலாம். பாகுநிலைக் கெழுவை (சுழலின் நகர்வை எதிர்க்கும் இழுவையின் அளவை) வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது, மின்னோட்டம் தரும் விசையிலிருந்து பிணைப்பு விசையைக் கழித்தது. பிணைப்பு விசையைச் சைன் அலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சம், அலையின் நீளம், பாகுநிலைக் கெழு ஆகிய மூன்றையும் 1 என வைத்துவிட்டால் அலகுத் தொல்லை இல்லை.

படி 2: நிரல். பைத்தானும் அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் போதும், நேரப்படி 0.001 என வைத்து, ஆய்லர் முறையில், அதாவது வேகத்தை நேரப்படியால் பெருக்கிக் கூட்டி, இடத்தைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள். ஆர்வ மிகுதியில் நேரடியாகப் பைடிடிஜிஎல் (pyTDGL) போன்ற, மீக்கடத்தியை முழுமையாக விவரிக்கும் கின்ஸ்பர்க்–லாண்டவ் சமன்பாடுகளைத் தீர்க்கும் தொகுப்புக்குத் தாவ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது நல்ல தொகுப்புதான். ஆனால் வரும் விடை சரியா என்று சொல்லும் அறிவு இந்தச் சிறிய நிரலில்தான் கிடைக்கும்.

படி 3: சராசரி வேகம். பலரும் தடுக்கி விழும் இடம் இது. மின்னோட்டம் தரும் விசை 0.99 என்றால், அது பிணைப்பின் உச்சமான 1-ஐ எட்டாததால், சுழல் தொடர்ந்து நகரவே கூடாது. ஆனால் இடம் 0-இல் தொடங்கி 5 அலகு நேரம் மட்டும் ஓட்டி, கடந்த தூரத்தை நேரத்தால் வகுத்தால், ஏறக்குறைய 0.045 என்று ஒரு வேகம் வந்து நிற்கும். சுழல் தன் பிணைப்புக் குழியின் (பிணைப்பு விசை அதைப் பிடித்துவைக்கும் இடத்தின்) விளிம்புக்கு, அதாவது 0.23 அளவுக்கு, ஊர்ந்து போனதுதான் அந்த வேகம். விசைக்கு எதிராக வேகத்தை வரைந்தால், இது சுழல் நகரத் தொடங்கும் விசையான 1-க்குக் கீழே அழகான வால் போலத் தெரியும். வெப்பத்தால் சுழல்கள் குழி விட்டுக் குழி மெல்லத் தாவும் பாய ஊர்வு என்று அதை அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் இந்த நிரலில் வெப்பநிலையே இல்லை. எனவே நேரத்தை நிர்ணயிக்காமல் தூரத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்: இடம் 0-இலிருந்து 10 வரை போக ஆகும் நேரத்தை அளந்து, 10-ஐ அதனால் வகுங்கள். 1,000 அலகு நேரத்துக்குள் எட்டாவிட்டால் வேகம் சுழியம் என்று கொள்ளலாம். விசை 1.001 ஆனால் ஒரு குழியைக் கடக்கவே 22 அலகுக்கு மேல் ஆகும் என்பதால், அவசரப்பட்டு வரம்பைக் குறைத்துவிட வேண்டாம்.

சரிபார்க்க ஒரு விடை தருகிறேன். விசையின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் அதுவே சராசரி வேகம். விசை 1.25 எனில் 0.75 வர வேண்டும்.

படி 4: இழப்பு. சராசரி வேகத்தின் வர்க்கம்தான் இழப்பு என்று எடுத்தால் 0.5625 வரும், அது தவறு. விசையைச் சராசரி வேகத்தால் பெருக்க வேண்டும்: 0.9375. ஒவ்வொரு நேரப்படியிலும் வேகத்தின் வர்க்கத்தைக் கணக்கிட்டு, அவற்றின் சராசரியை எடுத்தாலும் இதே எண் வரும். சுழல் சீராகப் போவதில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம். குழியை விட்டு ஏறும்போது தயங்கி நின்று, ஏறியதும் சரேலென்று பாய்கிறது, வெப்பத்தின் பெரும்பங்கு அந்தப் பாய்ச்சலில்தான் வெளிப்படுகிறது. பிணைப்பே இல்லாவிட்டால் இதே விசையில் இழப்பு 1.5625 ஆக இருந்திருக்கும். விசை கூடக் கூட இந்த இடைவெளி, விகித அளவில், குறைந்துகொண்டே போகும்.

படி 5: வெப்பநிலை. ஒவ்வொரு நேரப்படியிலும் ஒரு தற்போக்கு உதையைச் சேருங்கள். அதன் திட்டவிலக்கம், வெப்பநிலையையும் நேரப்படியையும் பெருக்கி, இரட்டித்து எடுத்த வர்க்கமூலம். நேரப்படியை வர்க்கமூலத்துக்கு வெளியே வைத்துவிட்டால், படியைச் சிறிதாக்கும்போது வெப்பமே மறைந்துபோகும். விசை இல்லாத நிலையில் குழியின் தடுப்புயரம் 0.318 என்பதால், வெப்பநிலையை 0.03 அளவில் தொடங்கலாம். இப்போது சுழல் பின்னோக்கியும் தாவும். ஆகவே படி 3-இன் அளவீட்டு முறை இங்கே செல்லாது, நீண்ட நேரம் ஓட்டி நிகர இடப்பெயர்ச்சியைத்தான் எடுக்க வேண்டும். உண்மையான ஊர்வு இங்கேதான் தெரியும்.

படி 6: மெய்யான அலகுகள். மின்னோட்ட அடர்த்தி சதுர மீட்டருக்கு 10¹⁰ ஆம்பியர், படலத்தின் தடிமன் 50 நானோமீட்டர் எனில், ஒரு சுழலின் மேல் விழும் விசை சுமார் ஒரு பிகோநியூட்டன். புலம் கூடினால் சுழல்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். மென்படலத்தில் அந்தத் தள்ளுதல் நெடுந்தூரம் எட்டும் என்பதை 1964-இல் இயற்பியலாளர் பேர்ல் காட்டினார்; அந்தத் தூரத்தின் அளவுகோலே பேர்ல் நீளம். ஊடுருவு நீளம் (காந்தப்புலம் மீக்கடத்திக்குள் எட்டும் ஆழம்) 100 நானோமீட்டர், தடிமன் 20 நானோமீட்டர் எனில் பேர்ல் நீளம் ஒரு மைக்ரோமீட்டர். ஆதலால் இந்த ஒற்றைச் சுழல் நிரலைக் குறைந்த புலத்துக்கு மட்டுமே நம்புங்கள்.

பிற்சேர்க்கை: சுழல் பிணைந்தே இருந்தால் இழப்பே இருக்காதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேர்மின்னோட்டத்துக்கு, வெப்ப உதை இல்லாதவரை, இருக்காது. மாறுமின்னோட்டத்தில் சுழல் தன் குழிக்குள்ளேயே ஆடும், ஆட்டமும் இழப்புதான். கிட்டில்மன், ரோசன்புளூம் இருவரும் 1966-இல் தந்த கணக்கின்படி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு வெகு கீழே இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வெகு மேலே பிணைப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றே. நம் அலகுகளில் அந்த அதிர்வெண் சரியாக 1. விசையின் வீச்சை 0.1 என வைத்து, முழு அலைகளுக்கு மட்டும் சராசரி எடுத்துப் பாருங்கள்: அதிர்வெண் 0.1-இல் பிணைப்பற்ற சுழலின் இழப்பில் ஒரு விழுக்காடு, 1-இல் பாதி, 10-இல் 99 விழுக்காடு வர வேண்டும். 10-இல் எண் விலகினால் நேரப்படியைக் குறைத்துப் பாருங்கள்.