சின்ன ஆபீசுக்கு வயரிங்: மேசை முதலில், சுவர் அப்புறம்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில், நாலு பேர் உட்காரும் ஆபீஸ் போட்டோம். பிளக் பாயிண்ட் எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் மேசைகளைக் கொண்டுவந்தோம், அதுதான் தப்பு. ஒரு பாயிண்ட் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வயரை நீங்களே பிடித்து இழுக்க நினைத்தால் வேண்டாம். இங்கே அந்த வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். உங்கள் வேலை அவருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முதலில், மேசைகள் எங்கே வரும் என்று தரையில் டேப் ஒட்டுங்கள். மேசைக்கு இரண்டு இரட்டைப் பாயிண்ட் கேளுங்கள். லேப்டாப், மானிட்டர், போன் சார்ஜர் என்றே மூன்று போய்விடும், மிச்சத்துக்கு எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் மாட்டும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் சுமார் 3,000 வாட் தாங்கும். கெட்டில் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கலாம், பக்கத்தில் மைக்ரோவேவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பேன்ட்ரிக்குத் தனி லைன், ஏர்கானுக்குத் தனி லைன்.

விளக்கையும் பிளக்கையும் ஒரே லைனில் போடச் சொல்லாதீர்கள். ஒரு பிளக்கில் கோளாறு வந்து எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் ஆபீஸே இருட்டாகிவிடும். பொதுவாக விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவார்கள். சுவிட்ச் லைவ் வயரில் (கரண்ட் வரும் வயர்) இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) போட்டுவிட்டால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பகலில் அதை அணைத்துவைக்கலாம்.

புகை எச்சரிக்கைக் கருவி விஷயத்தில் கட்டட உரிமையாளரிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள், கட்டடத்தின் தீ எச்சரிக்கை அமைப்போடு அது இணைந்திருக்கலாம். (2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம் என்றார்களே, அது வீட்டுக்கு, ஆபீஸ் வேறு கதை.) தனியாக ஒன்று மாட்டுவதென்றால் கூரையின் நடுப்பகுதியில் மாட்டுங்கள். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்தில் புகை கருவிக்கு வந்து சேராமல் விலகிப் போகும், கெட்டிலுக்கு மேலே வைத்தால் ஆவிக்கே கத்தும். பெயின்ட் அடிக்கும்போது போட்ட தூசி மூடியைக் கழற்ற மறக்காதீர்கள், மூடியோடு அது வெறும் அலங்காரம்.

வேலை முடிந்ததும் மின்பணியாளர் கிளம்புவதற்குள், ஆர்சிசிபியில் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) 'T' என்று எழுதிய பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை நீங்களும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஒவ்வோர் எம்சிபியாக அணைத்து, எது போகிறது என்று பார்த்து நீங்களே பெயர் ஒட்டுங்கள். எங்கள் எம்சிபி பெட்டியில் 'பேன்ட்ரி' என்று எழுதியிருந்ததை அணைத்தபோது போனது மீட்டிங் அறை.